புள்ளி தெரியும் முன்பே: நிலக்கடலை இலைப்புள்ளி நோயைக் கணிப்பது எப்படி?

நிலக்கடலை இலையில் கறுப்புப் புள்ளி கண்ணில் படும் நாளில்தான் நோய் தொடங்கியதாக நினைக்கிறோம். அன்றைக்கு அதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் வயதாகியிருக்கும். பூஞ்சையின் வித்து இலையில் விழுந்து, முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே நுழைந்து, திசுவுக்குள் பரவிய பிறகே புள்ளி வெளியே தெரிகிறது. அதே இரவுகளில் தொற்று வாங்கிய எத்தனையோ இலைகள் அப்போதும் பச்சையாகவே நிற்கும். புள்ளியைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கக் கிளம்புகிறவர் இரண்டு வாரம் பிந்திக் கிளம்புகிறார்.

மருந்தின் தன்மையும் இதில் சேர்கிறது. மாங்கோசெப், குளோரோதலோனில் போன்றவை இலையின் மேல் படிந்திருந்து, முளைக்க வரும் வித்தைக் கொல்பவை. உள்ளே போய்விட்ட பூஞ்சையை அவை தொடுவதில்லை. ஊடுருவிப் பாயும் மருந்துகள் கொஞ்சம் உள்ளே எட்டும், ஆனால் அவையும் கருகிய இலையைப் பச்சையாக்கப் போவதில்லை. ஆகவே மருந்து அடிக்கச் சரியான நாள், தொற்று நடக்கப்போகும் இரவுக்கு முந்தைய நாள். அந்த நாளை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் நோய்க் கணிப்பு.

கைபேசியில் இலையைப் படம் எடுத்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகளையும் சிலர் கணிப்பு என்கிறார்கள். அது கணிப்பு அல்ல, கண்டுபிடிப்பு. வந்துவிட்ட நோய்க்குப் பெயர் சொல்வதும் உதவிதான். இலைப்புள்ளியா, இரும்புச்சத்துக் குறைவா என்று குழம்புகிறவருக்கு அது தேவை. ஆனால் அந்தச் செயலி பார்ப்பது இரண்டு வாரத்துக்கு முந்தைய இரவுகளின் விளைவை.

நிலக்கடலையில் இலைப்புள்ளி இரண்டு வகை. முன்பருவப் புள்ளி பழுப்பாக, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு இருக்கும். வித்துகள் பெரும்பாலும் இலையின் மேற்பக்கத்தில் உண்டாகும். பின்பருவப் புள்ளி அடர் கறுப்பு. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கரி பூசியது போலத் தெரியும். நம் பக்கத்தில் 'டிக்கா' என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். மூன்றாவதாகத் துரு நோய். இலையின் அடியில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்களாக வரும். 1960-களின் இறுதி வரை பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களோடு நின்றிருந்த துரு, அதற்குப் பின்னர் ஆசியா, ஆப்பிரிக்கா என்று பரவி இன்று நம் வயல்களில் நிரந்தரக் குடியாகிவிட்டது.

இலைப்புள்ளியும் துருவும் சேர்ந்து வந்து, மருந்தும் அடிக்காமல் விட்டால் பாதி மகசூலுக்கு மேல் போகலாம். இலை உதிர்ந்தால் காய் திரளாது என்பது மட்டும் அல்ல. காயைத் தாங்கும் விழுதுகள் நைந்துபோவதால், செடியைப் பிடுங்கும்போது முற்றிய காய்கள் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். கடலைக்கொடியும் மாட்டுக்குப் போட லாயக்கில்லாத குச்சியாகிவிடும். விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் மல்லாட்டை (நிலக்கடலைதான்) போடுகிறவர்களிடம் கேட்டால், காயின் கணக்குக்கு அடுத்தபடியாகக் கொடியின் கணக்கைத்தான் சொல்வார்கள்.

இந்த நோய் கூட்டு வட்டி போல வளர்வது. ஒரு பேச்சுக்கு, ஒரு புள்ளியிலிருந்து இரண்டு வாரத்தில் ஐந்து புதிய புள்ளிகள் உண்டாகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் அது 625. நூறு நாள் பயிரில் அறுபதாம் நாள் வரை பெரிதாகத் தெரியாமல் இருந்துவிட்டு, எண்பதாம் நாள் வயலே பொசுங்கியது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம். முதல் இரண்டு சுற்றுகளில் ஒன்றைத் தடுத்தால் கிடைக்கும் பலன், கடைசிச் சுற்றில் மூன்று முறை மருந்து அடித்தாலும் கிடைக்காது.

இனி கணிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று பார்ப்போம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜென்சன், பாயில் என்ற இரு ஆய்வாளர்கள் 1965, 1966-ல் வெளியிட்ட முறைதான் நிலக்கடலைக்கு அடித்தளம். அவர்கள் பார்த்தது இரண்டே இரண்டு அளவுகள். காற்றின் ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் தொடர்ந்தது, அந்த நேரத்தில் குறைந்தபட்ச வெப்பம் எவ்வளவு. ஈரம் பத்து மணி நேரத்தைத் தாண்டி, வெப்பமும் 21 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருந்தால் நோய் வேகமாகப் பெருகியது. மழை எவ்வளவு பெய்தது என்பதை விட, இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருந்தது என்பதே முக்கியம் என்று அப்போது தெளிவானது. அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடித்தால் பூஞ்சைக்கு லாபம் குறைவு. ராத்திரி முழுக்கத் தூறல் விழுந்து, காலை ஒன்பது மணி வரை இலை காயாமல் இருந்தால் அதற்கு விருந்து.

1974-ல் இந்த முறையைக் கணினிக்குக் கொண்டுபோனார்கள். 1980-களின் தொடக்கத்தில் வர்ஜீனியா மாநிலம் இதைத் திருத்தி, விவசாயிகளுக்குத் தினசரி ஆலோசனையாக வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் அங்கே வழக்கம் நாட்காட்டி முறை: விதைத்து 30 முதல் 40 நாளில் முதல் மருந்து, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பயிர்க்காலம் முழுவதும் ஏறக்குறைய ஏழு தடவை. மழை பெய்தாலும் காய்ந்தாலும் அதே ஏழு. வறண்ட ஆண்டில் அதில் பாதி வீண் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1995-ல் வெளியான 'ஏயூ-பீநட்ஸ்' முறை. வர்ஜீனியாவின் முறைக்கு ஈரப்பதமானிகளும் அவற்றைப் பராமரிக்க ஆட்களும் வேண்டும். ஆபர்ன் குழு அதையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு, விவசாயியிடம் இருக்கக்கூடிய ஒரே கருவியான மழைமானியை எடுத்துக்கொண்டது. ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் மழையோ தெளிப்புப் பாசனமோ இருந்தால் அது ஒரு 'ஈர நாள்'. பயிர் முளைத்ததிலிருந்து ஆறு ஈர நாள்கள் சேர்ந்தால் முதல் மருந்து. மருந்து அடித்த பின் பத்து நாள்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று வைத்துக்கொண்டு அந்த நாள்களை எண்ணாமல் விடலாம். அதற்குப் பிறகு மறுபடி எண்ண வேண்டும். கூடவே வானிலைத் துறை சொல்லும் அடுத்த ஐந்து நாள் மழை வாய்ப்பையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மழை வரப்போகிறது என்றால், எண்ணிக்கை முழுமையாகச் சேராவிட்டாலும் முன்கூட்டியே அடித்துவிட வேண்டும்.

எவ்வளவு முரட்டுத்தனமான கணக்கு! இலை ஈரம் இல்லை, வெப்பம் இல்லை, வித்து எண்ணிக்கை இல்லை. ஆனாலும் அங்கே அது வேலை செய்தது. அந்தப் பகுதியின் கோடையில் இரவு வெப்பம் பெரும்பாலும் நோய்க்கு ஏற்றதாகவே இருக்கும். எப்போதும் ஒரே மாதிரி இருப்பதை அளந்து பயனில்லை. ஆண்டுக்கு ஆண்டு மாறுவது மழை நாள்களின் எண்ணிக்கைதான், அதை மட்டும் எண்ணினால் போதும். ஓர் ஊரில் எது மாறுகிறதோ அதை அளக்க வேண்டும் என்ற இந்தப் புத்தியைத்தான் நாம் அங்கிருந்து எடுத்துவர வேண்டும். ஆறு, பத்து என்ற எண்களை அப்படியே எடுத்துவந்தால் மாட்டிக்கொள்வோம்.

எப்படி மாட்டிக்கொள்வோம் என்பதற்கு நம் பட்டங்களே சாட்சி. ஆடிப்பட்டத்து மானாவாரிக் கடலை, பூக்கும் காலத்திலிருந்து அறுவடை வரை மழையோடுதான் நிற்கும். அங்கே மழை நாள் கணக்கு ஏறக்குறைய பொருந்தும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் விதைத்த இறவைப் பயிரைப் பாருங்கள். தை பிறந்த பிறகு மழைமானியில் வாரக்கணக்கில் பூச்சியம். ஆனால் பனி கொட்டுகிறது. விடியற்காலையில் வரப்பில் நடந்தால் முழங்கால் வரை வேட்டி நனைகிறது. இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி நிற்கிறது. பின்பருவ இலைப்புள்ளிக்கு இது நல்ல வெப்பநிலை. அலபாமாக் கணக்கைப் போட்டால், முதல் மருந்துக்கான நாளே வராது. மழையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், பூஞ்சை பனியில் குளித்துக்கொண்டிருக்கும்.

இங்கே ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு ஒன்று முக்கியமாகிறது. இலை தொடர்ந்து நனைந்தே இருப்பதை விட, இரவில் நனைந்து, பகலில் காய்ந்து, மறுபடி இரவில் நனைந்தால் பின்பருவ இலைப்புள்ளியின் தொற்று கூடுதலாக இருப்பதை அங்குள்ளவர்கள் 1990-களில் காட்டினார்கள். வித்திலிருந்து நீளும் முளைக்குழாய் இலைத்துளையை நோக்கிச் சரியாகத் திரும்ப, அந்த இடைவெளி உதவுகிறது. இரவு நனைவதும் பகல் காய்வதும்தான் நம் பனிக்காலத்தின் தினசரி நடைமுறை. 'மழையே இல்லை, ஆனால் புள்ளி வந்துவிட்டது' என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை.

சரி, பனியை அளப்பது எப்படி? இலை ஈர உணரி என்று ஒன்று உண்டு. இலை போன்ற ஒரு தகட்டின் மேல் நீர் படிந்தால் மின்தடை மாறுவதை வைத்துக் கணக்கிடும். நன்றாகத்தான் வேலை செய்யும், தூசியும் மருந்துப் படிவும் சேராத வரைக்கும். இரண்டாவது வழி, காற்றின் ஈரப்பதம் 90 அல்லது 95 சதவீதத்தைத் தாண்டிய மணி நேரங்களை இலை ஈர நேரமாக எடுத்துக்கொள்வது. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சாதாரண ஈரப்பத உணரிகள் தடுமாறுவதே இந்த உச்சியில்தான். மூன்று சதவீதப் பிழை 60-ல் வந்தால் யாருக்கும் நட்டமில்லை. 95-ல் வந்தால் பத்து மணி நேரம் ஆறு மணி நேரமாகவோ பதினான்காகவோ மாறிவிடும். அதோடு வானிலை நிலையம் இருப்பது வட்டாரத் தலைமையிடத்தில், உணரி நிற்பது ஆள் உயரத்தில். செடி இருப்பது முழங்காலுக்குக் கீழே. ஐம்பது நாளைத் தாண்டி வரிசைகள் மூடிக்கொண்ட பிறகு, அந்தக் கூரைக்கு அடியில் நிலவும் ஈரம் வெளியில் உள்ள கருவிக்குத் தெரியவே தெரியாது. தண்ணீர் பாய்ச்சிய இரவும் தெரியாது.

அதனால் வேட்டி நனைகிற கணக்கை நான் கேலியாகச் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்குப் பிறகும் கீழ் இலைகளில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று ஒருவர் நாட்காட்டியில் குறித்து வந்தால், பத்துக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கருவியை விட அது அந்த வயலுக்கு நெருக்கமான அளவு. அலபாமாவின் 'ஈர நாள்' போல இது நம்முடைய 'பனி நாள்'. எத்தனை பனி நாளுக்கு முதல் மருந்து என்பதை நம் ஊர்ச் சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.

வானிலை இந்தக் கதையில் ஒரு பாதிதான். பூஞ்சை வித்து ஏற்கெனவே வயலில் எவ்வளவு இருக்கிறது, போட்ட ரகம் எவ்வளவு தாங்கும் என்பவை மறுபாதி. இவற்றை விதைக்கும் முன்பே கணக்கிட முடியும் என்பது பலருக்குத் தோன்றாத விஷயம். ஜார்ஜியா, புளோரிடா, ஆபர்ன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் 'பீநட் ஆர்எக்ஸ்' இந்த வகை. வானிலையே இல்லாத மதிப்பெண் அட்டவணை அது. ரகத்துக்கு இத்தனை, விதைத்த தேதிக்கு இத்தனை, கடைசியாகக் கடலை போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று, பாசனம் உண்டா, உழவு எப்படி என்று மதிப்பெண்களைக் கூட்டினால் அந்த வயலின் ஆபத்து தெரியும். ஆபத்து மிகுந்த வயலுக்கு ஏழு தெளிப்பு, குறைந்த வயலுக்கு நான்கு போதும் என்ற மாதிரி திட்டமிடுகிறார்கள். இதில் உழவுக்கு மதிப்பெண் இருப்பதன் காரணம் சுவையானது. முந்தைய வேறு பயிரின் தட்டையை மண்ணின் மேலேயே விட்டுவிட்டுக் குறைவாக உழுத வயலில் இலைப்புள்ளி குறைகிறது. மழைத்துளி மண்ணில் அடித்து வித்தை இலைக்குத் தெறிக்க வைப்பதை அந்தத் தட்டை தடுக்கிறது.

நம் ஊரில் இந்த அட்டவணை வேறு மாதிரி எழுதப்பட வேண்டும். அங்கே ஆண்டுக்கு ஒரு கடலைப் பருவம், நடுவில் குளிர்காலம். இங்கே ஒரு வட்டாரத்துக்குள்ளேயே ஏதாவது ஒரு வயலில் எப்போதும் கடலை நிற்கிறது. மார்கழிப் பட்டத்துப் பயிரை ஒருவர் பிடுங்கும்போது பக்கத்து ஊரில் சித்திரைப் பட்டம் முளைக்கிறது. துரு போன்ற நோய்க்கு இது ஒரு பாலம். அதன் வித்து நம் வெயிலில் காய்ந்த சருகில் நெடுநாள் தாங்காது, ஆனால் பச்சைச் செடியிலிருந்து பச்சைச் செடிக்குக் காற்றில் போய்க்கொண்டே இருக்கலாம். வரப்போரம் தானாக முளைத்த கடலைச் செடியே போதும். ஆகவே நமக்கு 'கடைசியாகக் கடலை போட்டு எத்தனை ஆண்டு' என்ற கேள்வியோடு, 'சுற்றிலும் இப்போது எத்தனை நாள் வயதுக் கடலை நிற்கிறது' என்ற கேள்வியும் வேண்டும். நெல் அறுத்த பின் போடும் கடலைக்கும், கடலைக்கு மேல் கடலை போடும் தோட்டக்கால் நிலத்துக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்க முடியாது.

ரகம் தனிக்கதை. திண்டிவனத்தில் உருவாகி நாடெங்கும் பரவிய டிஎம்வி 2, நோய் எதிர்ப்புச் சோதனைகளில் 'எளிதில் நோய் பிடிக்கும் ரகம்' என்று ஒப்பீட்டுக்காகவே பக்கத்தில் நடப்படும். தார்வாட்டில் வெளியான ஜிபிபிடி 4 பின்பருவப் புள்ளியையும் துருவையும் நன்றாகத் தாங்கும். காட்டுக் கடலை இனம் ஒன்றிலிருந்து வந்த குணம் அது. ஒரே வானிலையில் இந்த இரண்டு ரகங்களுக்கும் ஒரே எச்சரிக்கை அனுப்பினால், ஒருவருக்கு அது தாமதம், இன்னொருவருக்கு வீண் செலவு.

இப்போது கணிப்பு தவறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருவோம். நோயைக் கணிக்கும் ஒரு கணக்குமுறையை, அதாவது ஒரு மாதிரியை, '80 சதவீதம் துல்லியம்' என்று சொன்னால் நல்லதா கெட்டதா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நோய் அவ்வளவாக வராத பருவம். 100 வயல்களில் 20-ல்தான் கடுமையாக வரப்போகிறது. வரப்போகும் வயல்களில் 80 சதவீதத்தையும், வராத வயல்களில் 80 சதவீதத்தையும் மாதிரி சரியாகச் சொல்கிறது. அப்படியானால் 16 வயல்களுக்குச் சரியான எச்சரிக்கை போகும். வராத 80-ல் 16 வயல்களுக்கும் தவறாகப் போகும். மொத்தம் 32 எச்சரிக்கைகளில் பாதி பொய். 'போன தடவை சொன்னீர்கள், ஒன்றும் வரவில்லையே' என்று பாதிப் பேர் கேட்பார்கள். ஆனால் எச்சரிக்கை போகாத 68 வயல்களில் நான்கில்தான் நோய் வரும். அதாவது ஆறு சதவீதம்.

இதோடு பணத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஏக்கருக்கு ஒரு தெளிப்பு, கூலியோடு 1500 ரூபாய் என்றும், அடிக்காமல் விட்டு நோய் வந்தால் நட்டம் 9000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மருந்து முழுமையாகக் காக்கும் என்றால், நோய் வரும் வாய்ப்பு ஆறில் ஒன்றை, சுமார் 17 சதவீதத்தைத் தாண்டினாலே அடிப்பது லாபம். எச்சரிக்கை வந்த வயலில் வாய்ப்பு 50 சதவீதம், அடிக்கலாம். வராத வயலில் ஆறு சதவீதம், விட்டுவிடலாம். பாதி பொய் சொல்லும் எச்சரிக்கைதான், ஆனாலும் இரண்டு பக்கமும் சரியான முடிவைத் தருகிறது.

இப்போது அதே மாதிரியை, 100 வயல்களில் 90-ல் நோய் வரும் பருவத்துக்குக் கொண்டுபோங்கள். எச்சரிக்கை 74 வயல்களுக்குப் போகும், அதில் 72 உண்மை. பிரமாதமாகத் தெரிகிறது. ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லப்பட்ட 26 வயல்களில் 18-ல் நோய் வந்துவிடும். ஏறக்குறைய 70 சதவீதம். 17-ஐத் தாண்டினால் அடிக்க வேண்டும் என்ற கணக்கில், மாதிரி 'வேண்டாம்' என்றாலும் அடித்தே ஆக வேண்டும். அப்புறம் மாதிரி எதற்கு?

நோய்க் கணிப்பைப் பற்றி நம் ஊரில் பேசும்போது விட்டுப்போவது இந்த இடம்தான் என்று நினைக்கிறேன். நோய் எப்போதும் வரும் பட்டத்தில் 'அடிக்கவா வேண்டாமா' என்பதற்குக் கணிப்பு தேவையே இல்லை, அங்கே அது எந்த நாளில் அடிப்பது என்று நிர்ணயிக்க மட்டும் உதவும். நோய் எப்போதுமே வராத இடத்திலும் தேவையில்லை. வருவதும் வராததுமாக இருக்கும் நடுப்பகுதிதான் அதன் களம். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் பனிக்கால, கோடைக்கால இறவைப் பயிர். ஆனால் ஆய்வுத் திட்டங்கள் நோய் அதிகம் வரும் மழைக்காலப் பயிரில்தான் மாதிரிகளைச் சோதிக்க விரும்புகின்றன. அங்கேதான் தரவு நிறையக் கிடைக்கும், துல்லியமும் கண்ணைப் பறிக்கும். பத்தில் ஒன்பது வயலில் நோய் வரும் தரவை வைத்துக்கொண்டு, 'வரும், வரும்' என்று மட்டும் சொல்லும் நிரலும் 90 சதவீதத் துல்லியம் பெற்றுவிடும். எந்திரக் கற்றல் கட்டுரைகளில் 97, 98 என்று எண்களைப் பார்க்கும்போது, நோய் வராத வயல்கள் அந்தத் தரவில் எத்தனை என்று முதலில் தேடிப் பார்ப்பது நல்லது.

பணக் கணக்கை மாதிரிக்குள்ளேயே வைத்த உதாரணம் ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே எண்ணெய் வித்து என்றால் குளிர்காலத்தில் வளரும் ரேப் என்ற கடுகு இனப் பயிர். அதைத் தாக்கும் ஸ்க்லரோட்டினியா தண்டழுகல், பூவிதழ் உதிர்ந்து இலையில் ஒட்டும்போது தொற்றுகிறது. பூக்கும் ஓரிரு வாரங்களில் ஒரு முடிவு, ஒரு தெளிப்பு. 2007-ல் வெளியான 'ஸ்க்லரோப்ரோ' மாதிரி, பூக்கும் காலத்தில் தொற்றுக்கு ஏற்ற மணி நேரங்கள் குறைந்தது 23 சேர்ந்தால்தான் ஆபத்து என்கிறது. அதோடு நிற்காமல், எதிர்பார்க்கும் மகசூல், தெளிப்புச் செலவு, விளைபொருளின் விலை ஆகியவற்றையும் விவசாயியிடம் கேட்டு, அவருக்கான எல்லையைக் கணக்கிடுகிறது. விலை இறங்கினால் எல்லை ஏறும். நம் கணக்கில், நட்டம் 9000-லிருந்து 5000 ஆகக் குறைந்தால் 17 சதவீத எல்லை 30 ஆகிவிடும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை விலை சரிந்த வாரத்தில், அதே வானிலைக்கு வேறு பதில் சொல்ல வேண்டும்.

ஒரு நோய்க்கு எழுதிய கணிப்பை இன்னொன்றுக்குப் போடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நச்சுப்பூஞ்சையான ஆஸ்பெர்ஜில்லஸ், காய்க்குள் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்குவது, நேர் எதிரான வானிலையில். அறுவடைக்கு முந்தைய நான்கு முதல் ஆறு வாரம் வறட்சி, காய் இருக்கும் மண்ணின் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் கிங்கராய் பகுதியில், மழையும் வெப்பமும் வைத்து மண் ஈரத்தைக் கணித்து, அஃப்ளாடாக்சின் ஆபத்து ஏறுகிறதா என்று சொல்லும் முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஏறினால் சில நாள் முன்னதாகவே அறுவடை. வறண்ட தையில் இலை பச்சையாக நிற்பதைப் பார்த்து நிம்மதியாக இருக்கும் அதே வாரங்களில், மண்ணுக்குள் இந்த ஆபத்து கூடிக்கொண்டிருக்கலாம். வேரழுகலும் இப்படித்தான், வெயிலும் வறட்சியும் அதற்குச் சாதகம்.

இங்கே நமக்குக் கிடைப்பது என்ன? இந்திய வானிலைத் துறையின் கிராமின் கிருஷி மௌசம் சேவை, செவ்வாயும் வெள்ளியும் அடுத்த ஐந்து நாள் வானிலையோடு வேளாண் ஆலோசனை தருகிறது. அந்த ஆலோசனையைக் கைபேசியில் தரும் மேக்தூத் செயலி 2019 முதல் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்களின் வலையமைப்பை நடத்துகிறது. ஐந்து நாள் முன்னறிவிப்பு இந்த நோய்க்குப் போதுமானது. ஆள் தேடி, ஸ்பிரேயர் வாடகைக்குப் பிடித்து, மருந்து வாங்கி அடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். மழை தொடங்கிவிட்டால் கரிசலில் கால் வைக்க முடியாது, செம்மண்ணில் வைக்கலாம். ஆக, வானிலைப் பக்கம் பெரிய குறை இல்லை. ஆனால் ஆலோசனையில் வரும் வாசகம் பெரும்பாலும் 'இலைப்புள்ளி தென்பட வாய்ப்புள்ளது, தென்பட்டால் இன்ன மருந்து தெளிக்கவும்' என்ற அளவிலேயே நிற்கிறது. தென்பட்டால் தெளி என்பது, தொடக்கத்தில் சொன்ன இரண்டு வாரத் தாமதத்தை விதியாகவே எழுதி வைப்பது. உரக்கடைக்காரர் சொல்லும் நாளில் அடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த வாசகத்தை மாற்ற வேண்டுமானால், மாதிரியை நம் வயல்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். வானிலைக்குப் பல ஆண்டுப் பதிவு இருக்கிறது. நோய்க்கு ஆய்வு நிலையங்களின் சோதனைத் திடல்களில் இருக்கிறது. விவசாயிகளின் வயலில், எந்த வாரம் எத்தனை இலையில் புள்ளி இருந்தது என்ற தொடர் பதிவுதான் அரிது. கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் கடலை எத்தனை ஏக்கர் என்று இருக்கும், புள்ளி எப்போது வந்தது என்று இருக்காது. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இலைப்புள்ளியையும் துருவையும் 1 முதல் 9 வரை மதிப்பிடும் அளவுகோல் இக்ரிசாட் காலத்திலிருந்தே புழக்கத்தில் உள்ளது, அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். ஒரு வட்டாரத்தில் பத்து வயல், அதில் நோய் வராத வயல்களும் கட்டாயம் இருக்க வேண்டும், முப்பதாம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை ஒரு எண்ணும், அன்று காலை இலை எப்போது காய்ந்தது என்ற குறிப்பும். கார்த்திகைப் பட்டத்தில் தொடங்கலாம், அங்கேதான் இந்தக் கணக்குக்கு வேலை அதிகம்.